கண்ணாடியும் கத்தியும்

மூவரைப் பற்றிச் சொல்லி இந்தப் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். முதல் இருவர் மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றவர்கள். மூன்றாமவர் நம்மில் எவர் வீட்டிலும் இருக்கக் கூடியவர்.

முதலாமவர் காவஸ்ஜி என்னும் மாட்டு வண்டிக்காரர். 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரின்போது அவர் ஆங்கிலேயர் படைக்கு வண்டி ஓட்டி வந்தார். திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டுத் திரும்பினார். பூனாவுக்கு அருகில், செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த மராட்டியர் ஒருவர், அவருடைய நெற்றித் தோலை அடியோடு துண்டிக்காமல் கீழே மடக்கி இறக்கி, இழந்த மூக்கைப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். இச்செய்தி 1794ஆம் ஆண்டில் லண்டனில் 'ஜென்டில்மென்ஸ் மேகஸின்' என்னும் பத்திரிகையில் படத்துடன் வெளியாயிற்று. அதனால் தூண்டப்பெற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அதே முறையைத் தம் நாட்டில் செய்து காட்டினார். சுசுருத சம்ஹிதையில் இடம் பெற்ற நம் பழங்கலை இவ்வாறு மேல்நாடு சென்று, இன்றைய ஒட்டறுவைச் சிகிச்சைக்கு ஒரு வித்தாயிற்று.

இரண்டாமவர் பெர்லின் நகரத்துப் பள்ளிச் சிறுவன். அவனுடைய காதுகள் இரண்டும் அளவுக்கு மீறி வெளியே புடைத்து நின்றன. உடன் படிப்பவர்களின் கேலி பொறுக்காமல் பள்ளிக்குச் செல்லவே மறுத்துவிட்டான். 1896ஆம் ஆண்டில் அவனுடைய தாய் அவனை ஜாக் ஜோசப் என்னும் இளம் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். அவர் அறுவை செய்து காதுகளைத் திருத்தினார். சிறுவனுக்குக் கேலி ஒழிந்தது. மருத்துவருக்கோ வேலை போயிற்று. நோயில்லாத உடலை அழகின் பொருட்டு அறுத்தது முறையன்று என்று அவர் பணி புரிந்த இடத்துத் தலைமை கருதியது. ஜோசப் தளரவில்லை. உருவத்தால் விளையும் மனத்துயரும் துயரமே, அதைத் தீர்ப்பதும் மருத்துவன் கடமையே என்று வாதாடினார். பிற்காலத்தில் அவர் மூக்கைத் திருத்தும் கலையில் பெரும் புகழ் பெற்றார்.

மூன்றாமவருக்குப் பெயர் வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம், பையனாகவும் இருக்கலாம். தன் மூக்கு கோணல் என்று அவள் நம்புகிறாள். மற்றவர் கண்ணுக்கு அந்தக் கோணல் புலப்படுவதில்லை. அவளோ காலையில் ஒரு மணி நேரம் கண்ணாடி முன் நிற்கிறாள். வெளியே கிளம்பும்போது முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்கிறாள். வகுப்பில் பக்கவாட்டில் எவரும் அமராத இடமாகப் பார்த்து உட்காருகிறாள். 'என் மூக்கு கோணல்தானே?' என்று தாயிடம் நாளுக்குப் பத்து முறை கேட்கிறாள். 'இல்லையடி அம்மா' என்ற விடை அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட நிம்மதி தருவதில்லை. அறுவைச் சிகிச்சை செய்தாலன்றிப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். பெற்றோரும் களைத்துவிட்டனர். 'கடன் வாங்கியாவது செய்துவிடுவோம். அப்புறமாவது பிள்ளை படிக்கட்டும்' என்ற எண்ணத்திற்கு வந்துவிட்டனர்.

இந்த மூவருக்கும் கத்தியை எடுப்பது ஒன்றுதானா? இன்று நாம் ஆராய வேண்டிய அறநெறிக் கேள்வி இதுவே.

வண்டிக்காரரைப் பற்றி ஐயமில்லை. இழந்ததை மீட்டுத் தருவது மருத்துவத்தின் தலையாய தொண்டு. பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், தீக்காயத்தால் கழுத்துத் தோல் சுருங்கிய சிறுமிக்கும் செய்யப்படும் சிகிச்சையும் அவ்வகையினதே. பெர்லின் சிறுவனைப் பற்றிச் சற்றே வாதம் எழலாம். கேலி செய்தவர்களைத் திருத்தாமல் கேலிக்கு ஆளானவனின் காதைத் திருத்துவதா என்று கேட்போர் உண்டு. ஆயினும் அங்கே குறை பிறர் கண்ணுக்கும் தெரிந்தது. துன்பத்தின் காரணம் வெளியே இருந்தது. காது திருந்தியதும் துன்பம் நீங்கியது. மூன்றாமவரின் நிலை முற்றிலும் வேறு. அங்கே நோயின் இருப்பிடம் மூக்கு அன்று. மூக்கைக் காணும் மனமே ஆகும்.

இந்நோயை மருத்துவ உலகம் நேற்று இன்று கண்டதன்று. ஜோசப் அந்தச் சிறுவனின் காதைத் திருத்துவதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1891இல், என்ரிக்கோ மோர்செல்லி என்னும் இத்தாலிய மனநோய் மருத்துவர் இதற்கு 'டிஸ்மார்ஃபோஃபோபியா' என்று பெயரிட்டார். தன் உருவம் விகாரமானது என்ற அச்சம் என்பது அதன் பொருள். 1987இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்குப் 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்ற பெயரை வழங்கிற்று. 2013இல் அதே சங்கம், கையைத் திரும்பத் திரும்பக் கழுவத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோயின் இனத்தில் இதனைச் சேர்த்தது. இந்த இனமாற்றம் நமக்கு ஒரு பெரிய உண்மையை விளக்குகிறது. எத்தனை முறை கழுவினாலும் கை தூய்மையானதாக ஒருவருக்குத் தோன்றாதது போலவே, எத்தனை முறை திருத்தினாலும் மூக்கு நேரானதாக இவருக்குத் தோன்றாது. இதனை நாம் 'உருவக் குறை மயக்கம்' என்று அழைப்போம்.

நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு இந்நோய் உண்டு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண், பெண் இருபாலாரையும் இது பற்றும். பெண்கள் தோல், மூக்கு, உடற்பருமன் முதலியவற்றைப் பற்றிக் கவலுறுவதும், ஆண்கள் முடி கொட்டுவதையும் உடல் போதிய திண்மை பெறாததையும் பற்றிக் கவலுறுவதும் மிகுதி. இது பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கு முன்னரே தொடங்குகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தலைகாட்டுவதும் உண்டு. குமரப் பருவத்தில் தன் முகத்தைப் பற்றிச் சிறிதேனும் கவலைப்படாத பிள்ளை ஏது? அதனால்தான் நோயை நோயென்று அறியாமல், 'வயசுக் கோளாறு' என்றும் 'மினுக்கல்' என்றும் வீட்டார் ஒதுக்கிவிடுகின்றனர். அது மினுக்கல் அன்று. இந்நோயால் துன்புற்று மருத்துவரிடம் வருவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றவர் என்று ஆய்வுகள் கூறுவதை அறிந்தால், 'இதுவும் ஒரு கவலையா?' என்ற சிரிப்பு நம் உதட்டிலேயே உறைந்துவிடும்.

இனி, அறுவைச் சிகிச்சை இவர்களுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். அழகுக்காக அறுவை நாடி வருவோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எண்மரில் ஒருவருக்கு இம்மயக்கம் இருப்பதாகத் தெரிகிறது. மூக்கைத் திருத்த வருவோருள் இது ஐவரில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்கிறது. அறுவைக்குப் பின் இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு நோய் தணிவதில்லை, சிலருக்கு முற்றுகிறது. மூக்கு திருந்தினால் கவலை தாடைக்கு மாறுகிறது. அல்லது 'டாக்டர் கெடுத்துவிட்டார்' என்று அதே மூக்கின்மேல் முன்னிலும் தீவிரமாகக் கவிகிறது. இரண்டாவது அறுவை, மூன்றாவது அறுவை என்று வழி நீள்கிறது. கத்தி பிழை செய்யவில்லை. கத்திக்கு எட்டாத இடத்தில் நோய் இருக்கிறது, அவ்வளவே.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். 'அவரவர் உடல் அவரவர்க்குச் சொந்தம். துன்புறுபவர் வேண்டிக் கேட்கிறார், பெற்றோர் சம்மதிக்கின்றனர், மருத்துவர் திறமைசாலி. மறுக்க நாம் யார்?' என்பது அந்த வாதம். தன் உடல்மேல் தனக்குள்ள உரிமை பெரிய உரிமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவ்வுரிமை பொருளுடையதாக இரண்டு வேண்டும்: தெளிந்த அறிவு, வேறு வழிகளைப் பற்றிய முழு விவரம். 2008ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், அதிலுள்ள அபாயம், அதற்கு மாற்றாக உள்ள சிகிச்சை ஆகியவற்றை அறிவித்த பின் பெறுவதே உண்மையான சம்மதம் என்பது அத்தீர்ப்பின் சாரம். உருவக் குறை மயக்கத்திற்கு அறுவையன்றி வேறு சிகிச்சை உண்டு. அது பயன் தருவதும் உண்டு. அதைச் சொல்லாமல் பெறும் கையெழுத்து வெறும் கையெழுத்தே. அதிலும், தன் முகத்தை உள்ளபடி காணவொட்டாமல் தடுப்பதே நோயாக இருக்கும்போது, அந்நோயின் கட்டளையை நோயாளியின் விருப்பம் என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்?

பெற்றோரின் சம்மதமும் இங்கே எளிதில் முடிவு காணும் பொருளன்று. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்காகப் பெற்றோர் முடிவு செய்யும் அதிகாரம், அப்பிள்ளையின் நலத்தின் பொருட்டு அளிக்கப்பட்டது. பிள்ளையை நம் விருப்பப்படி செதுக்கிக்கொள்வதற்கு அன்று. சில வேளைகளில் அறுவையை விரும்புவது பிள்ளையாக இராது; 'நாளைக்குக் கல்யாணச் சந்தையில் நிற்க வேண்டுமே' என்று அஞ்சும் தாயோ தந்தையோ ஆக இருக்கக் கூடும். அத்தகைய அறுவைக்கு மறுப்புச் சொல்லும் மருத்துவரே அந்தப் பிள்ளைக்கு உண்மையான பாதுகாவலர்.

வேறு நாடுகள் சில இதற்கு வரம்பு கட்டியுள்ளன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம், சிறுவரின் உண்மை நலத்திற்கு ஏற்றதாக இருந்தாலன்றி அவர்களுக்கு அழகு அறுவை செய்வதை 2008இல் சட்டத்தால் தடுத்தது. 2016இல் அந்நாட்டு மருத்துவ வாரியம் வகுத்த நெறிமுறை, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பெரிய அழகு அறுவைக்கு முன் மூன்று மாத காலம் பொறுத்திருக்க வேண்டும் என்றும், தனியாக ஒரு மருத்துவரோ மனநிபுணரோ அவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் விதித்தது. இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு அழகின் பொருட்டு முகத்தில் ஊசி மருந்து ஏற்றுவது குற்றமாயிற்று. இவ்விதிகள் கூறுவது 'ஒருபோதும் கூடாது' என்பதன்று. 'அவசரம் கூடாது' என்பதே.

அவசரம் கூடாது என்பதற்கு உடலியற் காரணமும் உண்டு. பெண்களுக்குப் பதினைந்து, பதினாறு வயது வரையிலும், ஆண்களுக்கு அதற்கும் ஓராண்டு பின் வரையிலும் மூக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். பருவமெய்தும் சிறுவர் பலருக்கு மார்பு சற்றே பருத்துத் தோன்றுவதுண்டு; பெரும்பாலோருக்கு அது இரண்டாண்டுக்குள் தானே அடங்கிவிடும். இயற்கை இன்னும் எழுதி முடிக்காத ஏட்டை நாம் அடித்துத் திருத்தப் புகுவது அறிவுடைமை ஆகாது.

கண்ணாடி ஒன்றே போதாதென்று இன்று கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. முகத்திற்கு ஓரடி தூரத்தில் பிடித்துத் தன்னைத் தானே எடுத்துக்கொள்ளும் படத்தில், மூக்கு இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ முப்பது விழுக்காடு அகன்று தோன்றும் என்று அமெரிக்க மருத்துவர் சிலர் 2018இல் கணக்கிட்டுக் காட்டினர். அருகில் உள்ள பொருள் பெரிதாகத் தெரிவது ஒளியியலின் எளிய விதி. அந்த விதியை அறியாத பிள்ளை, கருவியின் பிழையைத் தன் முகத்தின் பிழையாகக் கொள்கிறது. முகத்தை வழவழப்பாக்கிக் காட்டும் வித்தைகளும் அக்கருவியிலேயே இருப்பதால், தான் ஒருநாளும் ஆக முடியாத ஒரு முகத்தோடு தன்னை ஒப்பிட்டு நோகவும் செய்கிறது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனியானதோர் கவனம் தேவை. தில்லியிலோ கல்கத்தாவிலோ மும்பையிலோ பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுள் சிலர், நிறத்தையும் பேச்சையும் தலையில் தடவிய எண்ணெயையும் சுட்டும் கேலியைக் கேட்டு வளர்கின்றனர். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கே உறவினர், 'என்ன இப்படிக் கறுத்துப் போய்விட்டாய்?' என்று வாசற்படியிலேயே விசாரிக்கின்றனர். இரு புறமும் அடி வாங்கும் மத்தளம் போன்றது அப்பிள்ளையின் நிலை. கேலி ஒன்றே இந்நோயை உண்டாக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. பரம்பரை, மூளையின் இயக்கம், இளமை அனுபவம் எனப் பல காரணங்கள் கூடி இது விளைகிறது. ஆயினும் கேலி அந்நெருப்புக்கு ஊதுகுழல் ஆகிறது. வகுப்புத் தோழனின் வாயை நாம் அடக்க முடியாமற் போகலாம். நம் வீட்டுக் கூடத்தில் மூக்கையும் நிறத்தையும் எடைபோடும் பேச்சை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

நோயை இனம் காண்பது எப்படி? சில கேள்விகள் உதவும். பிள்ளை கூறும் குறை பிறர் கண்ணுக்குத் தெரிகிறதா? அதைப் பற்றிய எண்ணத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிகிறதா? கண்ணாடி பார்த்தல், மறைத்தல், தோலைக் கிள்ளுதல், பிறரிடம் திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகிய பழக்கங்கள் உண்டா? பள்ளியும் நட்பும் விளையாட்டும் அதனால் நின்றுபோயினவா? அறுவையால் எதை எதிர்பார்க்கிறது: காது சற்றே உள்ளடங்குவதையா, அல்லது வாழ்க்கை முழுவதும் மாறிவிடுவதையா? இவற்றைக் கேட்டறிவது அறுவை மருத்துவரின் கடமையும் ஆகும். நோய் இன்னதென்று துணியாமல் மருந்து கொடுப்பது தவறு எனில், அதே நிலையில் கத்தியை எடுப்பது எத்துணைத் தவறு!

சிகிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும்; மறுப்பதோடு நின்றுவிட்டால் நாம் பாதிக் கடமையைத்தான் செய்தவராவோம். பயிற்சி பெற்ற மனநிபுணர் வாரந்தோறும் நோயாளியோடு அமர்ந்து, 'எல்லாரும் என் மூக்கையே பார்க்கிறார்கள்' என்பது போன்ற எண்ணங்களை ஆராயப் பழக்குகிறார். முகத்தை மறைக்காமல் கடைத்தெருவுக்குச் சென்று வருவது, கண்ணாடி பார்க்கும் நேரத்தைக் குறைப்பது எனப் படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளச் செய்கிறார். மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் பொருளின் மேல் வினை புரியும் மருந்துகளும் உண்டு. அவற்றின் பயன் தெரியப் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகலாம். இளையோருக்கு அவற்றைத் தொடங்கும்போது முதற் சில வாரங்களில் நெருங்கிய கண்காணிப்பு இன்றியமையாதது. 2005ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசுத் துறை நிபுணர்கள் வகுத்த வழிகாட்டியும் இவ்விரு முறைகளையே பரிந்துரைத்தது. நம் நாட்டில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் எண்ணச் சுழற்சி நோய்களுக்கெனத் தனிப் பிரிவே இயங்கி வருகிறது.

மனத்துயரைத் தாய்மொழியில் சொல்வதே எளிது. அண்டை அயலில் தமிழறிந்த மருத்துவர் இல்லாத இடங்களில் என் செய்வது என்று கலங்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக் கூடியதும் உண்டு. 'உன் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது' என்று நூறாவது முறை வாதாடுவதில் பயனில்லை. அந்த விடையே நோய்க்குத் தீனியாகிறது. 'உனக்கு ஒன்றுமில்லை, போ' என்று கடிந்துகொள்வதும் தவறு. 'உன் மூக்கைப் பற்றி நாம் வேறு வேறாக நினைக்கிறோம். ஆனால் நீ படும் வேதனை மெய். அந்த வேதனைக்கு வைத்தியம் செய்வோம், வா' என்று சொல்லலாம். இந்தச் சொல்லில் பொய்யும் இல்லை, ஏளனமும் இல்லை.

ஜாக் ஜோசப் வாதாடியது சரியே: மனத்துயரும் மருத்துவத்திற்கு உரிய துயரம்தான். அவருடைய கொள்கையை முழுமையாக ஏற்பவர்கள், அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டும். துயரம் மனத்தில் இருக்குமானால் வைத்தியமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மனம் தெளிந்து, வயதும் நிரம்பிய பின், அந்தப் பெண் தன் முகத்தை அமைதியாகப் பார்த்து, 'இதைச் சிறிது திருத்திக்கொள்ள விரும்புகிறேன்' என்று சொன்னால், அன்று அது அவளுடைய முடிவு. நாம் தடுக்க வேண்டியதில்லை. அந்த நாள் வரும்வரை அவளுக்காகப் பொறுத்திருப்பதும், அவளுடைய வேதனையைச் சிறிதென்று எண்ணாதிருப்பதும் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் உரிய கடமை.